கல்லூரி வாயிலில் நம் இளைஞர்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)





ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுதலே வழக்கம். இசையரங்கும் நாடகமும் காத்திருக்கும் இவ்வேளையில் கல்லூரிப் பாடங்களைப் பற்றிப் பேச வந்தோமே என்று சிலர் எண்ணக்கூடும். எனினும் திருவனந்தபுரத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஆண்டுதோறும் பள்ளித் தேர்வின் முடிவு வந்தவுடன் எழும் கேள்வி ஒன்று உண்டு. "பிள்ளை எந்தப் பாடம் எடுப்பது?" என்பதே அது. இயற்பியலா, உளவியலா, மருத்துவமனையில் விரைவில் வேலை தரும் எக்ஸ்-கதிர்ப் படக்கலையா என்று உற்றாரும் அண்டை வீட்டாரும் கூடி ஆராய்கின்றனர். இடம் கிடைத்தபின் அவ்வாராய்ச்சி ஓய்ந்துவிடுகிறது. முதலாண்டில் பிள்ளை என்ன கற்கிறது, விளங்கிக் கற்கிறதா என்று கேட்பார் அரியர். அக்கேள்வியையே இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறோம்.

முதலாண்டில் நடைபெறும் அறிமுகப் பாடங்களை நம்மவருட் பலர் தாண்டிச் செல்ல வேண்டிய வரப்பாகவே கருதுகின்றனர். முன்னாளில் இன்டர்மீடியட் வகுப்பு இருந்தது. அதன்பின் பிரீ-யூனிவர்சிட்டியும் பிரீ-டிகிரியும் வந்தன. அவை கல்லூரிக்குள்ளேயே நடந்தமையால் அறிமுகக் கல்விக்கென ஓர் இடம் இருந்தது. பிரீ-டிகிரி நீங்கி மேல்நிலைப் பள்ளிக் கல்வி அதன் இடத்தைப் பெற்றபின், அறிமுகம் பள்ளியிலேயே முடிந்துவிட்டது என்னும் எண்ணம் பரவிற்று. 2024-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் கேரளத்தில் நான்காண்டுப் பட்டப் படிப்பு தொடங்கப்பெற்றது. முதன்மைப் பாடத்தோடு பிற துறைகளின் தொடக்கப் பாடங்களையும் மாணவர் தேர்ந்து கற்க இத்திட்டம் வழிசெய்கிறது. இயற்பியல் பயிலும் மாணவி உளவியலின் முதற்படியையும், உளவியல் பயிலும் மாணவன் இயற்பியலின் முதற்படியையும் தம் கல்லூரியில் வாய்ப்பிருப்பின் கற்கலாம். மூடியிருந்த வாயில் ஒன்று மீண்டும் திறந்துள்ளது. அதன் வழியே நம் பிள்ளைகள் எத்தகைய மனத்தோடு நுழைகின்றனர் என்பதே வினா.

அன்பர்களே! இவ்வினாவை எழுப்புதற்கு இந்நகரைவிடத் தக்க இடம் அரிது. 1834-இல் சுவாதித் திருநாள் மன்னர் காலத்தில் பள்ளியாகத் தோன்றி, 1866-இல் மகாராசா கல்லூரியாக வளர்ந்து, இன்று யூனிவர்சிட்டி கல்லூரி என வழங்கும் நிலையம் இங்குள்ளது. அக்கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக விளங்கியவர் பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை அவர்கள். 1891-இல் வெளிவந்த மனோன்மணீயம் என்னும் நாடகத்தால் அவரை நாம் அறிவோம். 1970-இல் தமிழ்நாட்டு அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்த்தாய் வாழ்த்து அந்நூலினின்று எடுக்கப்பெற்றதே. ஆயினும் நாடகத்திற்கு மூன்றாண்டு முன்னரே, 1888-இல், நூற்றொகை விளக்கம் என்னும் சிறு நூலொன்றை அவர் இயற்றினார் என்பதைப் பலர் அறியார். உலகில் வளர்ந்துள்ள அறிவுத்துறைகளை வகைப்படுத்தி, ஒவ்வொன்றும் எதனை ஆராய்வது என்று தமிழில் தொகுத்துரைக்கும் நூல் அது. நாள்தோறும் ஆங்கிலத்தில் பாடம் சொன்ன பேராசிரியர், ஆங்கிலம் அறியாத தமிழருக்காக அறிவுலகத்தின் வரைபடம் ஒன்றைத் தமிழில் தீட்டிக் கொடுத்தார். அறிமுகப் பாடம் என்பதன் பொருளை இதனினும் நன்கு விளக்க வல்லது வேறு யாது? நாற்பத்திரண்டு ஆண்டே வாழ்ந்து 1897-இல் மறைந்த அப்பெரியார் இட்ட கடன் இன்னும் நம்மேல் நிலுவையில் உள்ளது.

இனி, மூன்று பாடங்களையும் தனித்தனியே நோக்குவோம்.

முதலாவது, இயற்பியல் முதலிய பொருளறிவியல். இதன் முதற்பாடம் அளத்தல். அளத்தலின் முதற்பாடம், அளவில் எவ்வளவு பிழை இருக்கக்கூடும் என்று கூறுதல். இந்நகரத்தார்க்கு இது புதிதன்று. 1837-இலேயே இங்கு வானாய்வு நிலையம் எழுந்தது. ஜான் கால்டெகாட் என்பவர் அதன் முதல் இயக்குநர். 1852-இல் பொறுப்பேற்ற ஜான் ஆலன் பிரௌன், புவியின் காந்தப் புலம் நாழிகைதோறும் எவ்வாறு மாறுகிறது என்று பதிவு செய்தார். நகரில் அளந்தது போதாதென்று, மலையுச்சியிலும் அளந்து ஒப்பிட விழைந்து, ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட அகத்தியமலையின்மேல் 1855-இல் ஒரு நோக்கு நிலையம் அமைத்தார். தமிழ் வளர்த்த முனிவர் உறைவதாக நம் முன்னோர் போற்றிய பொதிய மலையே அது. அட்டையும் யானையும் நிறைந்த காட்டைக் கடந்து, மழையிலும் மூடுபனியிலும் உடனிருந்தோர் கருவிகளைக் காத்து எண்களைக் குறித்தனர். ஓர் எண்ணைச் சரியாகக் குறிப்பதற்கு மனிதர் எவ்வளவு பாடுபட்டனர் என்பதை அம்மலை நமக்குச் சொல்லும்.

காந்த ஆய்வுக்கு இந்நகர் ஏன் ஏற்றதாயிற்று? காந்த ஊசியொன்றை மேலும் கீழும் சாயுமாறு நடுவே தாங்கி நிறுத்தினால், வட நாடுகளில் அதன் வடமுனை நிலத்தை நோக்கிச் சாயும். வடக்கே செல்லச் செல்லச் சாய்வு மிகும். சாய்வின்றி ஊசி கிடையாக நிற்கும் இடங்களை இணைக்கும் கோடே காந்த நடுக்கோடு. அக்கோடு இந்நகரின் அருகே சென்றது. அதே காரணம் பற்றியே நூற்றாண்டு கடந்தபின் தும்பா என்னும் மீனவர் ஊர் தேர்ந்தெடுக்கப்பெற்று, 1963 நவம்பர் 21-ஆம் நாள் அங்கிருந்து நம் நாட்டின் முதல் ஆய்வு ராக்கெட் விண்ணில் ஏவப்பட்டது. முதலாண்டு மாணவன் ஆய்வுக்கூடத்தில் கையிலெடுக்கும் காந்த ஊசிக்கும் தும்பாவிலிருந்து எழுந்த ராக்கெட்டுக்கும் இடையேயுள்ள உறவு இதுவே. இதனைக் கூறாது சூத்திரத்தை மட்டும் கரும்பலகையில் எழுதிவிட்டால், ஊசி இரும்புத் துண்டாகவே நின்றுவிடும்.

இரண்டாவது, உளவியல். மனத்தை ஆராயும் கலை நமக்குப் பழையது. மனத்தைச் சோதனைச் சாலைக்குக் கொணர்ந்தது புதியது. செருமனியில் லைப்சிக் நகரில் 1879-இல் வில்ஹெல்ம் வுண்ட் அமைத்த ஆய்வுக்கூடத்தையே அதன் தொடக்கமாகக் கொள்வர். நம் நாட்டில் 1916-இல் கல்கத்தாவிலும், 1924-இல் மைசூரிலும், 1943-இல் சென்னையிலும் பல்கலைக்கழகங்கள் இத்துறையை ஏற்றன. கேரளப் பல்கலைக்கழகத்தில் 1957-இல் உளவியல் துறை தோன்றிற்று. "பித்தரைப் பற்றிய படிப்பு" என்று நம் இல்லங்களில் இன்னும் இதனை எள்ளுவோர் உளர். முதலாண்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாலே அவ்வெண்ணம் அகலும். கற்றல், மறத்தல், காணல், கவனித்தல், அஞ்சுதல் என்பவையே அங்குள்ள தலைப்புகள். இவை யாவும் நாம் நாள்தோறும் செய்வன.

எடுத்துக்காட்டாக, ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்னும் அறிஞர் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு விரைவில் அவை மறக்கின்றன என்று அளந்து 1885-இல் வெளியிட்டார். முதல் ஒரு மணி நேரத்திற்குள்ளேயே பாதிக்கு மேல் நழுவிவிடுகிறது. அதன்பின் மறதியின் வேகம் குறைந்துகொண்டே செல்கிறது. ஒரே இரவில் விழித்துப் படிப்பதைவிட, நாட்களை இடைவெளி விட்டுச் சிறிது சிறிதாகத் திரும்பப் படித்தலே நிலைக்கும் என்பது அவர் கண்ட மற்றொன்று. தேர்வுக்கு முந்திய நாள் மட்டும் விளக்கு எரியும் வீடுகளுக்கு இவ்வொரு செய்தியே போதுமன்றோ? மேலும், முதலாண்டு மாணவன் இரு கோடுகளைக் காண்கிறான். ஒன்றின் நுனிகளில் அம்புக்குறிகள் உள்நோக்கியும் மற்றொன்றில் வெளிநோக்கியும் உள்ளன. ஒன்று நீளமாகவும் மற்றொன்று குறுகலாகவும் தோன்றுகிறது. அளவுகோலை வைத்துப் பார்த்தால் இரண்டும் சமம். சமம் என்று அறிந்தபின்னும் கண் ஏமாறுகிறது. தன் கண்ணையே ஐயுற வேண்டும் என்று இளைஞன் முதன்முதலாகக் கற்கும் இடம் அதுவே.

மூன்றாவது, ரேடியோகிராபி என மக்கள் வழங்கும் எக்ஸ்-கதிர்ப் படக்கலை. 1895 நவம்பர் 8-ஆம் நாள் ஊர்ஸ்பர்க் நகரில் வில்ஹெல்ம் ரோண்ட்கன் இக்கதிரைக் கண்டார். அடுத்த திங்களில் தம் மனைவியாரின் கையைப் படமெடுத்தார். எலும்பும் மோதிரமும் அதில் தெரிந்தன. 1901-இல் இயற்பியலுக்கான முதல் நோபெல் பரிசு அவர்க்கு வழங்கப்பெற்றது. கருவியின் இயக்கம் எளிதே. வெற்றிடக் குழாயில் எலெக்ட்ரான்கள் பல்லாயிரம் வோல்ட் அழுத்தத்தால் விரைந்து சென்று டங்ஸ்டன் உலோகத்தைத் தாக்குகின்றன. அவ்வாற்றலில் நூற்றில் ஏறத்தாழ ஒரு பங்கே எக்ஸ்-கதிராகிறது. எஞ்சியது வெப்பமாகிவிடும். சுண்ணாம்புச் சத்து மிக்க எலும்பு கதிரை மிகுதியாக விழுங்குகிறது, தசை குறைவாக விழுங்குகிறது. அவ்வேறுபாடே படம்.

இக்கதிர் நோயைக் காட்டியது போலவே நோயையும் தந்தது. எடிசனிடம் பணிபுரிந்த கிளாரன்ஸ் டாலி, தம் கையையே மீண்டும் மீண்டும் கதிரில் காட்டிச் சோதித்து, கைகளை இழந்து, 1904-இல் உயிரையும் இழந்தார். அவர் போன்று மாய்ந்தோர்க்கு 1936-இல் ஹாம்பர்க் நகரில் நினைவுக்கல் நாட்டினர். அத்துயரத்தினின்று பிறந்தவையே இன்று முதலாண்டில் கற்பிக்கப்படும் மூன்று விதிகள். கதிரின்முன் நிற்கும் நேரத்தைக் குறை, தொலைவை மிகுதியாக்கு, இடையே ஈயம் முதலிய தடுப்பை வை என்பன அவை. ஒரு மீட்டரினின்று இரண்டு மீட்டர் தொலைவுக்கு விலகினால் கதிரின் செறிவு நான்கில் ஒன்றாகக் குறையும். இது பள்ளியில் படித்த இருமடி எதிர்விகித விதியேயாம். தேர்வில் இரண்டு மதிப்பெண் பெற்றுத் தந்த விதி, இங்கே ஒரு மனிதனின் விரலைக் காக்கிறது. 1983-இல் அமைந்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், இப்பணியாளர் பெறும் அளவு ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவெர்ட்டைத் தாண்டலாகாது என வரையறுத்துள்ளது. நெஞ்சுப் படம் ஒன்றில் நோயாளி பெறுவது ஒரு மில்லிசீவெர்ட்டில் மிகச் சிறு பங்கே. சி.டி. ஸ்கேன் ஒன்றில் அது பன்மடங்காகும். ஆகலின் கதிரைக் கண்டு நடுங்குதலும் தவறு, பொருட்படுத்தாமையும் தவறு. அளவறிந்து நடத்தலே கல்வி.

அவ்வாறு அளவறிந்து நடப்பதற்கும் நம் கடற்கரையே சான்று. மோனசைட் மணல் செறிந்த கருநாகப்பள்ளிப் பகுதியில் இயற்கைக் கதிர்வீச்சு பிற இடங்களைவிட மிகுதி. அங்குள்ளோர்க்குப் புற்றுநோய் மிகுமோ என்னும் அச்சம் நெடுநாள் இருந்தது. இந்நகரின் மண்டலப் புற்றுநோய் மையத்தார் 69,958 பேரைச் சராசரி பத்தரை ஆண்டு தொடர்ந்து கவனித்து, அக்கதிர்வீச்சால் நோய் மிகுந்தமைக்குச் சான்று காணவில்லை என 2009-இல் வெளியிட்டனர். அச்சத்திற்கு அளவே விடை என்பதை இதனினும் தெளிவாக யார் காட்டுவர்?

இம்மூன்று பாடங்களும் வெவ்வேறு கட்டடங்களில், வெவ்வேறு பல்கலைக்கழகங்களின்கீழ் நடத்தப்பெறுகின்றன. உண்மையில் இவை ஒன்றையொன்று தேடுவன. 2013-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றைக் கேளுங்கள். நுரையீரலின் சி.டி. படங்களில் சிறு கட்டிகளைத் தேடுமாறு தேர்ந்த கதிரியல் மருத்துவர் 24 பேரிடம் கொடுத்தனர். அப்படங்களில் ஒரு கொரில்லாக் குரங்கின் உருவத்தையும் புகுத்தியிருந்தனர். கட்டியைவிடப் பன்மடங்கு பெரிய அவ்வுருவத்தை 20 பேர் காணவில்லை! கண் அதன்மேல் பட்டும் மனம் அதனைக் கொள்ளவில்லை. படத்தை உருவாக்குவது இயற்பியல், படத்தைக் காண்பது உள்ளம். உள்ளத்தின் இயல்பறியாத கதிரியல் அரைக்கல்வியே. அதுபோன்றே, 1971-இல் கோ. நா. இராமச்சந்திரனும் அ. வெ. இலட்சுமிநாராயணனும் வெளியிட்ட கணிதமுறை, பல கோணத்துப் படங்களை இணைத்து உடலின் குறுக்குவெட்டுத் தோற்றத்தை எளிதில் வரைய உதவிற்று. இன்றும் ஸ்கேன் நூல்களில் இருவர் பெயரையும் சுருக்கி அம்முறையை "ராம்-லாக்" என வழங்குவர். எர்ணாகுளத்தில் பிறந்து, அங்கேயே கல்லூரியின் முதற்படியைக் கற்றவர் இராமச்சந்திரன் என்பது இங்குள்ள மாணவர்கள் நினைவில் இருத்தத்தக்கது.

இப்பொழுது எம் உரையின் மையத்திற்கு வருகிறோம். இந்நகரின் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும், ஸ்ரீசித்திரைத் திருநாள் நிலையத்திற்கும், புற்றுநோய் மையத்திற்கும் கன்னியாகுமரி, திருநெல்வேலி, தென்காசிப் பகுதிகளிலிருந்து நாள்தோறும் தமிழர் வருகின்றனர். 1956 நவம்பர் முதல் நாள் எல்லை மாறியபின்னும் நோய்க்கு எல்லை மாறவில்லை. அவ்வாறு வந்த முதியவர் ஒருவர் நெஞ்சுப் படத்திற்காக நிற்பதாக எண்ணிப் பாருங்கள். இருண்ட அறை, குளிர்ந்த தகடு, அறியாத கருவி. "சுவாசம் பிடிக்கூ" என்னும் குரல் கேட்கிறது. அச்சத்தால் அவர்க்கு அச்சொல் விளங்கவில்லை. மூச்சு அசைகிறது, படம் கலங்குகிறது. மீண்டும் எடுக்க வேண்டும். தேவையற்ற கதிர் மீண்டும் அவ்வுடலில் பாய்கிறது. அங்கே தமிழறிந்த இளைஞன் ஒருவன் நின்று, "ஆச்சி, பயப்படாதீங்க. மூச்சை நல்லா உள்ளே இழுத்து, நான் சொல்லும்வரை அப்படியே நிறுத்துங்க" என்றால் ஒரே படத்தில் பணி முடிந்துவிடும். அவ்வொரு நொடியில் இயற்பியலும் உளவியலும் படக்கலையும் தாய்மொழியும் ஒன்றுகூடுகின்றன. அவன் எந்நூலை எத்தனை பக்கம் படித்தான் என்பது அங்கே கேள்வியன்று. முதலாண்டில் கற்றது அவனுள் விளங்கிக் கிடக்கிறதா என்பதே கேள்வி.

விளங்குதற்குத் தடையாய் நிற்பது யாது? நம் பிள்ளைகள் வீட்டில் தமிழும், தெருவில் மலையாளமும், வகுப்பில் ஆங்கிலமும் கேட்கின்றனர். மூன்றிலும் அரைகுறையாக நிற்பின் முதலாண்டிலேயே தளர்ந்துவிடுகின்றனர். "எனக்கு அறிவியல் வராது" என்று தம்மைத் தாமே தாழ்த்திக்கொள்கின்றனர். அறிவியல் வராததன்று, சொல் விளங்காததே குறை. அக்குறையைச் செல்வமாக மாற்றலாம் என்பது எம் துணிபு. ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன் தமிழ்நூல்கள் பௌதிகம் என்றே எழுதின. இலங்கைத் தமிழர் இன்றும் பௌதிகவியல் என்கின்றனர். மலையாளத்தாரும் பௌதிகசாத்திரம் என்றே வழங்குகின்றனர். இயற்பியல் என்னும் புதுச்சொல்லோடு இவற்றையும் அறிந்த மாணவனுக்கு மூன்று கதவுகள் திறந்துள்ளன. இன்னும் கேளுங்கள். "ஸ்ட்ரெஸ்" என்னும் ஒரே சொல்லை ஆங்கிலத்தார் இயற்பியலிலும் உளவியலிலும் வழங்குவர். தமிழில் முன்னது தகைவு, பின்னது மன அழுத்தம். "எக்ஸ்போஷர்" என்பது படக்கலையில் கதிருக்கு உட்படுத்தல். உளவியல் மருத்துவத்தில் அஞ்சும் பொருளைச் சிறிது சிறிதாக எதிர்கொள்ளச் செய்தல். ஆங்கிலத்தில் ஒன்றாய்க் கலந்து கிடப்பதைத் தமிழ் பிரித்துக் காட்டும்போது கருத்து ஒளிபெறுகிறது.

இது கனவன்று, முன்னோர் செய்து காட்டிய நெறி. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், தாம் தமிழைக் கற்று, மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே இளைஞர்க்குக் கற்பித்து, நூல்களும் வெளியிட்டார். 1916-இல் சேலத்தில் இராசகோபாலாச்சாரியாரும் வெங்கடசுப்பையரும் அறிவியற் சொற்களைத் தமிழாக்குதற்கென்றே ஓர் இதழ் நடத்தினர். சுந்தரம் பிள்ளை அவர்களோ நம் நகரத்தவரே. இவர்கள் எவரும் ஆங்கிலத்தை வெறுத்தவரல்லர். ஆங்கிலத்தில் பெற்றதை அடுத்தவனுக்குத் தன் மொழியில் ஊட்ட இயலாவிடின், பெற்றது முழுமையாகாது என்று உணர்ந்தவர்கள்.

ஆகவே சங்கத்தாரை யாம் வேண்டுவது பெரும் பொருட்செலவன்று. வாரத்திற்கு ஒரு மாலைப்பொழுது, சங்க மண்டபத்தில் விளக்கும் சில பெஞ்சுகளும். மேல்வகுப்பு மாணவரும் ஓய்வுபெற்ற ஆசிரியரும் வந்து, அவ்வாரம் முதலாண்டு வகுப்பில் நடந்ததைத் தமிழில் பேசட்டும். ஒவ்வொரு மாணவனும் ஒரு குறிப்பேடு வைத்து, ஆங்கிலம், மலையாளம், தமிழ் என மூன்று பத்திகளில் சொற்களை எழுதட்டும். நான்காம் பத்தியில் அச்சொல்லின் பொருளைத் தன் பாட்டிக்குச் சொல்வதுபோல் ஒரு வரியில் எழுதட்டும். பாட்டிக்கு விளங்குமாறு எழுத இயலாதது அவனுக்கும் விளங்கவில்லை என்று கொள்க. மருத்துவமனைகளில் பணிபுரியும் நம்மவர், நோயாளியிடம் கூற வேண்டிய சிறு தொடர்களை நல்ல தமிழில் எழுதித் தருக. படிப்பு மொழியெல்லையைக் கடக்கும்போது தமிழரல்லாத தோழரும் அம்மாலையில் வந்து அமர்வர். அவர்களையும் வரவேற்போம். மலையாள மக்களோடு கலந்து வாழும் நமக்கு அதுவே அழகு.

பெற்றோர்க்கு ஒரு சொல். "என்ன மதிப்பெண்?" என்று கேட்குமுன், "இன்று என்ன கற்றாய், எனக்குச் சொல்" என்று கேளுங்கள். விளங்காவிடினும் செவி கொடுங்கள். சொல்லச் சொல்லவே பிள்ளைக்கு விளங்கும். மாணவச் செல்வங்களுக்கு ஒரு சொல். முதலாண்டுப் பாடத்தைச் சிறிதென்று எண்ணாதீர். அளவைப் பிழையோடு கூறவும், தன் கண்ணையே ஐயுறவும், பிறர் உடலைத் தன் உடல்போல் காக்கவும் கற்பிப்பது அதுவே. பின்னர்க் கற்பனவெல்லாம் இவற்றின் விரிவே.

அடுத்த ஆண்டு விழாவில் இம்மேடையில் யாம் நிற்கும் இடத்தில், அம்மாலை வகுப்பில் பயின்ற ஒரு மாணவியோ மாணவனோ நின்று பேசுக என வாழ்த்தி அமைகின்றோம்.